நாற்பத்தோராம் வளை

அக்டோபர் முடிகிறது. விஸ்கான்சினில்
ஏரிக்குள் நீண்டு கிடக்கும் டோர் தீபகற்பம்.
சீடர் மரங்களின் காலடியில் கோரை பழுத்துவிட்டது.
படகில் தேங்கும் நீரை இறைக்கிற கைப்பம்பை
லெனோர் ஹெர்லாஷ்
சேற்று வளை ஒன்றுக்குள் இறக்குகிறாள்.

வளை தும்பி தோண்டியதல்ல.
இறாலிலும் சேராத, நண்டிலும் சேராத கிரேஃபிஷ்
இரவிரவாக உருண்டை உருண்டையாய்ச்
சகதியை வெளியே தள்ளி
வாசலில் சாண் உயரம் சுவரும் எழுப்பியிருக்கிறது.

மூன்றாம் இழுப்பில்
சுண்ணாம்பு கரைந்த கலங்கல் தட்டில் கொட்டுகிறது.
அழுகிய இலை. நத்தை ஓடு.
பிறகு
அழுக்கே எழுந்து நடப்பதுபோல
உடம்பெல்லாம் மயிர் முளைத்த ஒன்று.
ஐந்து கால்.
ஆறாவது போன இடம்
உள்ளே இருக்கும் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

"இதுதானா அந்த மரகதக் கண்காரி?"
வேலியோரம் நிற்கிறார் க்ளெட்டஸ் லாம்பரூர்.
நிலம் அவருடையது. பாதி நிலம்.
வாய்க்காலை ஆழப்படுத்த மனு போட்டிருக்கிறார்,
அவள் வந்திருப்பதே அதற்காக.

"பச்சை இன்னும் ஏறவில்லை.
நாலைந்து வருடம் இப்படியே கிடக்கும்.
அப்புறம் ஒரு ஜூலை. ஐந்து வாரம் பறந்தால் அதிகம்."

"கோடையில் ஓடை வற்றிவிடுமே."

"வற்றும். அப்போது இதற்குள் இறங்கிவிடும்.
பனிக்காலமும் இங்கேதான்."

"தோண்டியவன் சும்மா விடுவானா?"

"தின்பான்.
எல்லாவற்றையும் அல்ல."

க்ளெட்டஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொள்கிறார்.
எல்லைத் தகராறில் ஒன்பது வருடமாக
அவரோடு வழக்காடும் தம்பி வீட்டில்தான்
அவருக்கு ஒவ்வொரு பனிக்காலமும்.
தன் வீட்டின் கணப்பு என்றைக்கோ செத்துப்போயிற்று.
இதை அவர் சொல்லவில்லை.
ஊருக்கே தெரியும், லெனோருக்கும்.

பதினெட்டு மில்லிமீட்டர்.
நனைந்த குறிப்பேட்டில் பென்சில் வழுக்குகிறது.
எடுத்த வளையிலேயே திரும்ப விடவேண்டும், விதி.
குனிகிறாள்.
நீர் போன கோபத்தில்
வாசலுக்கே வந்துவிட்டன இரண்டு கொடுக்குகள்.

ஒரு கணம் அவள் கை அப்படியே நிற்கிறது.
முதலில் தண்ணீரை ஊற்றுகிறாள்,
கொடுக்குகள் இறங்கிய பிறகு
அதை.
ஐந்து காலால் சுவரைப் பிடித்துப் பிடித்து
அவசரமே இல்லாமல்
இருட்டுக்குள் போகிறது.

"அந்த மனு," என்று தொடங்குகிறார் க்ளெட்டஸ்.
பிறகு, "நாளைக்குப் பனி விழுமாம்."

கோரைக்கு அப்பால்
தம்பி வீட்டுப் புகைபோக்கியில்
இந்த வருடத்தின் முதல் புகை.