புள்ளி விழாத இடம்

எழில்வேணி.
படகின் பெயர் அது.
ஐந்து எழுத்து, ஒரு புள்ளி.
முன்பணம் ஐந்நூறோடு
பலகையையும் தோளில் தூக்கி வந்தார் தேசப்பன்:
பிரித்துப்போட்ட படகின் வாகை.
முகர்ந்தால் இன்னும் டீசல்.

என் மெஷினுக்கு வயது பதினோரு நாள்.
எனக்கு அதைவிடக் குறைவு.
பகலெல்லாம் ஐஸ் கம்பெனி பில் கவுண்டர்,
ராத்திரியில்
கொருக்குப்பேட்டையில் ஷட்டர் பாதிதான் ஏறும்
இந்தக் கடை.
வாகையைச் சுவரில் சாய்த்துவிட்டு
பேக்கிங் பெட்டிப் பலகையில் தொடங்கினேன்.

முதல் ஓட்டம்.
நகர்ந்தது, வளைந்தது,
ழி-யின் சுழியைக்கூட அழகாகச் சுற்றியது
காற்றில்.
பலகைக்கு ஒரு மில்லி மேலே.
இசட் பூஜ்ஜியத்தை நான்
பலகைமேல் வைக்கவில்லை,
பலகைமேல் மறந்துபோன ஸ்டீல் ஸ்கேல்மேல் வைத்திருக்கிறேன்.

அடுத்ததில் பயம்.
வேகத்தைக் குறைத்தேன், நிமிடத்துக்கு இருநூறு மில்லி.
சுழற்சி மட்டும் இருபத்துநாலாயிரம்.
வெட்டாமல் நின்று நின்று தேய்த்தது.
சீவல் வரவில்லை, மாவு வந்தது,
பிறகு புகை.
பக்கத்துக்கடை டெய்லர் முபீனா எட்டிப்பார்த்தாள்:
"இன்னாக்கா, பலகைய செதுக்குறியா, வறுக்குறியா?"
சூடு சீவலோடுதான் வெளியே போகும்,
சீவல் வேண்டுமென்றால் ஓட வேண்டும்.
இது தெரிய எனக்கு
ஒரு முழு வே கருக வேண்டியிருந்தது.

ஓடவிட்டேன். இப்போது
பள்ளத்தின் சுவரெல்லாம் அலை அலையாய் வரி.
கடைக்குப் பின்னால் கூட்ஸ் போகும்.
வேகனை எண்ணினேன், ஐம்பத்தெட்டு.
இந்த ரயில்தான் என்று பழியைப் போட்டுவிட்டு
நிம்மதியாய்த் தூங்கினேன்.
கூட்ஸ் வராத ஞாயிறு மத்தியானமும் அதே வரி.
பிட்டை நீட்டமாய் வெளியே விட்டு
வாலின் நுனியை மட்டும் கவ்வக் கொடுத்திருக்கிறேன்.
உள்ளே தள்ளி முடுக்கினேன்.
அடுத்த கூட்ஸ் போனபோது
தலையைக் குனிந்துகொண்டேன்.

நான்காவது சுத்தமாக வந்தது.
சந்தேகப்படும்படி சுத்தம்.
முபீனா நூலைக் கடித்தபடி வாசித்தாள்:
"எழிலவேணி. யாருக்கா அது?"

புள்ளி இல்லை.
வரைபடத்தில் இருந்தது, திரையில் இருந்தது.
இரண்டரை மில்லி வட்டம்,
மூன்று மில்லி பிட்.
நுழைய முடியாத இடத்தை
சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறது சாஃப்ட்வேர்,
கடன் கொடுத்தவன் வாசலைத் தாண்டுகிற மாதிரி.
எச்சரிக்கை இல்லை, சிவப்பு எழுத்து இல்லை.
பிழை என்றால் சத்தம் போடும் என்றல்லவா
நினைத்திருந்தேன், இத்தனை நாள்.

செம்புதாஸ் தெரு. அறுபது டிகிரி வி-பிட்.
இருநூற்று எண்பது, பில் இல்லாமல்.
கூர் எதிலும் இறங்கும்.
ஆனால் அதற்கு ஆழம்தான் அகலம்:
பலகை அரை மில்லி எழும்பினால்
எழுத்து அரை மில்லிக்கும் மேலே தடிக்கும்.

அதனால் வாகையை மேசையில் கிடத்தியபோது
அவசரப்படவில்லை.
ஸ்பீக்கர் காந்தத்தால் தடவி
மூன்று ஆணி பிடுங்கினேன்.
பேப்பர் துண்டு உரசும்வரை பிட்டை இறக்கி இறக்கி
ஒன்பது இடத்தில் அளந்தேன்.
எத்தனை வருஷ உப்போ, எத்தனை வெயிலோ,
நடுவில் வயிறு வைத்திருந்தது.
மேலாக ஒரு தடவை சீவி மட்டமாக்கி,
ஆடுகிற மூலைக்கு
பழைய ஐஸ் பில்லை நாலாய் மடித்துக் கொடுத்தேன்.

ல்-க்குப் புள்ளி கடைசியில்தான் விழுந்தது.
எழும்பி, நகர்ந்து, ஒரே ஒரு குத்து.
மூச்சுவிடும் நேரம்கூட இல்லை.

காசிமேட்டில் தேசப்பன் அதை வாங்கி
ஒவ்வொரு எழுத்திலும் விரல் ஓட்டினார்.
புள்ளிக்குள் நகம் போனது.
ஒன்றும் சொல்லவில்லை. மீதியை எண்ணிக் கொடுத்தார்.
பிறகு நான் நாலு மூலையிலும்
அளந்து போட்டுக் கொடுத்த துளையை விட்டுவிட்டு
பக்கத்திலேயே ஆணி அடித்தார்,
கண் மட்டத்துக்கு,
ஒரு விரல்கடை சாய்வாக.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.
தண்டையார்பேட்டை தாண்டும்போது ஒரு மர போர்டு:
ஸ்டோரஸ்.
ஒரு புள்ளி குறைகிறது.
என்ன பிட் போட்டிருப்பான்?