எடைக் குறைவு

பதினொன்று இருக்க வேண்டிய டிரம்மில்
காலையில் பத்து.
கணக்கு எழுதுகிறவள் நான். திரும்பவும் எண்ணினேன்.
பேய்க்கணவாயை எண்ணுவது லேசல்ல,
ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும்போது
எது யாருடைய கை என்பது
அவற்றுக்காவது தெரியுமோ என்னவோ.

புதுச்சேரி ஓட்டல் ஒன்று உயிரோடு கேட்டிருந்தது.
கடலூர் முதுநகர்த் துறைமுகம், ஐஸ் கம்பெனிக்குப் பின்புறம்,
நீல டிரம்மில் கடல் தண்ணீர், காற்று ஊத ஒரு மோட்டார்,
மேலே பலகை, பலகைமேல் செங்கல்.
பூட்டு எதற்கு என்றார் முதலாளி,
எலும்பே இல்லாத சீவனுக்கு.

செங்கல் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.
ஆகவே சந்தேகம்
எலும்புள்ள ஒருவர்மேல் விழுந்தது:
அஞ்சாப்புலி, சோனாங்குப்பம், இரவுக் காவல்,
இடது கால் கொஞ்சம் இழுக்கும்.
முந்நூறு பிடித்தம் என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

"எடுத்தவன் செங்கல்ல ஒழுங்கா திருப்பி வெச்சிருக்கான் பாரும்மா,
நல்லவனாத்தான் இருக்கணும்" என்றார் அவர்.

மறுநாள் ஒன்பது. பிடித்தம் அறுநூறு.

மூன்றாம் இரவு வீட்டுக்குப் போகவில்லை.
லோடு வருகிறது என்று போனில் ஒரு பொய்.
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, கொசுவோடு, உட்கார்ந்திருந்தேன்.

இரண்டேகால் மணி இருக்கும்.
பலகை இடுக்கில் ஒரு நுனி வந்தது,
கரண்ட் போன வீட்டில்
தீப்பெட்டி தேடுகிற விரல் மாதிரி.
மரத்தைத் தடவியது. செங்கல்லைத் தொட்டது.
கிண்ணம் கிண்ணமாய் ஒட்டி ஒட்டி எடுத்தது,
உப்பு பார்க்கிறதுபோல.
உள்ளே போய்விட்டது.
இவ்வளவுதானா என்று கொட்டாவி விட்டேன்.

பிறகு நான்கு கைகள் எழுந்தன,
செங்கல் இருந்த பக்கமல்ல,
எதிர்ப்பக்கம்.

பலகை ஒரு விரற்கடை தூக்கியது.
அந்த விரற்கடையில் அது ஊற்றிக்கொண்டு வந்தது,
தலையா வயிறா என்று தெரியாத அது
தட்டையாகி, இந்தப் பக்கம் வந்து மறுபடி திரண்டது.
கடைசிக் கை வெளியே வரும்வரை
பலகையை அதே கைகளில் ஒன்று பிடித்திருந்தது.
விட்டபோது சத்தமே இல்லை.
செங்கல் அசையவில்லை.

சிமெண்டில் சிமெண்ட் நிறம்.
வலைக் குவியலைக் கடக்கையில்
என் கண்ணெதிரே வலையாகிப் போனது,
எங்கே என்று தேடினேன்.
அஞ்சாப்புலியின் நீட்டிய காலருகே நின்றது.
இழுக்கிற கால்.
யோசித்ததுபோல் ஓர் இடைவெளி விட்டு,
சுற்றிக்கொண்டு போனது.

எட்டி அமுக்கியிருக்கலாம்.
கிலோ நானூற்றைம்பது.
அமுக்கி, தட்டி எழுப்பி, இதோ உன் திருடன் என்று
அவரிடம் காட்டியிருக்கலாம்.
நான் போனைப் பிடித்திருந்தேன்.

உப்பனாற்றில் ஒரு சத்தம்,
யாரோ வெற்றிலை துப்பியதுபோல.

காலையில் செங்கல்லைத் தராசில் வைத்தேன்: இரண்டே முக்கால்.
அது: ஒன்றேகால்தான் இருக்கும்.
எட்டுக் கைக்கும் தனித்தனியே புத்தி உண்டாம்,
பிறகு எங்கோ படித்தேன்.
என்னுடைய ஒரு கை
சொன்னதை எழுதியது, இரண்டு நாளும்.

நாற்பத்தொரு விநாடி வீடியோ.
முதலாளி மூன்று முறை பார்த்தார்.
அடேங்கப்பா என்றார், மச்சானுக்கு அனுப்பினார்,
பிடித்ததைத் தந்துவிடு என்றார், அடுத்த மாதம்.
பிறகு, கொஞ்சம் யோசித்து,
"இனிமே ரெண்டு செங்கல்லு வையி."

அன்று சாயங்காலம் அஞ்சாப்புலி வைத்தார்.
பக்கத்து ஷெட்டிலிருந்து புதுச் செங்கல் ஒன்று கொண்டுவந்து,
தூசி தட்டி,
இரண்டையும்
ஒரே ஓரமாய்.

நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
மிச்சம் எட்டு என்று எழுதி
தேதி போட்டேன்.
எதிர்ப்பக்கத்துப் பலகையில்
ஈரம் இன்னும் காயவில்லை.