ஐந்துக்குக் கீழே

கோரிமேட்டில் எங்கள் அலுவலக ஜன்னலுக்கு
முழு மலையும் தெரியாது.
மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்
பேருந்து திரும்பும்போது
கண்ணாடி ஒருமுறை மின்னும்.
அவ்வளவுதான் சேர்வராயன்.
மிச்சமெல்லாம் எனக்கு எக்செல்.

மேல்பிலாக்காடு.
வீடு பத்தொன்பது, ஆட்கள் எழுபத்திரண்டு.
ஆறு வயது வரை ஆண் ஆறு, பெண் மூன்று.
ஆயிரத்துக்கு ஐந்நூறு என்று எழுதி
கட்டத்துக்குச் சிவப்பும் பூசியிருந்தேன்.
சடகோபன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:
"ஆயிரம் பிள்ளைக்கு எங்கம்மா போவாங்க அந்த ஊர்ல?"

இன்று சாயங்காலம் அங்கே எந்த வீட்டிலாவது
ஒரு பெண் குழந்தை அழுதால்
என் விகிதம் நூற்று அறுபத்தேழு ஏறும்.
இருக்கிற மூன்றில் ஒன்றுக்குக் காய்ச்சல் கண்டால்
எவ்வளவு இறங்கும் என்று
நான் போட்டுப் பார்க்கவில்லை.
பக்கத்துச் சிற்றூர் மூன்றைச் சேர்த்துக் கட்டினேன்.
சிவப்பு வெளிறி ஆரஞ்சானது.
மாவட்டம் வரை சேர்த்துக்கொண்டே போனால்
யாருக்கும் எதுவும் நடக்கவே இல்லை.

வயது அட்டவணை இன்னும் வேடிக்கை.
முப்பத்தைந்தில் ஏழு பேர், நாற்பதில் ஒன்பது பேர்,
இடையில் நாலு வருடம்
அந்த ஊரில் ஒருவரும் பிறக்கவில்லை.
"ஒரு நாப்பது போட்டுக்கங்க டீச்சர்."
காப்பிப்பழக் கூடையை இறக்காமலே சொல்லியிருப்பார்கள்.
பிரிசில்லா டீச்சரும் முழங்கால் வலியோடு
போட்டுக்கொண்டு அடுத்த மேட்டில் ஏறியிருப்பார்.
அதைச் சமன்செய்ய எங்களிடம் சூத்திரம் உண்டு.
நாற்பதில் குவிந்தவர்களை அள்ளி
முப்பத்தெட்டுக்குக் கொஞ்சம், முப்பத்தொன்பதுக்குக் கொஞ்சம் என
பந்தியில் பரிமாறுகிற மாதிரி வைத்துக்கொண்டே போகும்.

எனக்கு நிஜமாகவே முப்பத்தொன்பது.

சாப்பாட்டு நேரத்தில்
செவ்வாய்ப்பேட்டையைத் திறந்தேன்.
எங்கள் தெரு இருக்கிற தொகுதி,
கொலுசுப் பட்டறையும் அடுப்படியும்
'வீடும் தொழிலும்' என்ற ஒரே குறியீட்டில்.
அமில நெடிக்குக் குறியீடு இல்லை.
பெண், முப்பத்தைந்து முதல் முப்பத்தொன்பது:
மணமானவர் பதினாறு.
கணவனை இழந்தவர் இரண்டு.

ஐந்துக்குக் கீழே எது வந்தாலும்
நட்சத்திரம் போட்டு மறைக்க வேண்டும், விதி.
யாரும் யாரையும் கண்டுபிடித்துவிடக் கூடாது.
அந்த இரண்டை மறைத்தேன்.
ஒருத்தி எதிர்வீட்டு லலிதகுமாரி,
இன்னொருத்தி யார் என்று
இப்போதுவரை தெருவை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரிந்து வாழ்பவர்:
பூஜ்யம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குளியலறையில்.
கதவைத் திறந்தது அப்பா.
"மாப்பிள்ளைக்கு வெளியூர்ல வேலை" என்றது
தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.
ஓசூர் அப்படியொன்றும் பெரிய வெளியூர் இல்லை.
ஐந்து வருடமாக மணிக்கொரு பஸ் வருகிறது,
அவர் இறங்கியதில்லை.

குழாயை மூடியிருக்கலாம்.
கதவை இத்தனூண்டு திறந்து
"அப்படி இல்லீங்க" என்றிருக்கலாம்.
பேனா அந்தக் கட்டத்திலேயேதான் நின்றிருக்கும்.
குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

பதினாறு.
என்னைக் கழித்துப் பார்த்தேன், பதினைந்து.
இந்தப் பதினைந்தில்
அன்றைக்கு எத்தனை வீட்டில் குழாய் ஓடியதோ.

சடகோபன் சார் கை கழுவிவிட்டு வந்தார்,
விரலில் இன்னும் மோர் வாசனை.
"பூஜ்யத்துக்கு ஸ்டார் வேண்டாம்மா.
அது யாரையும் காட்டிக்கொடுக்காது."

"சரி சார்" என்றேன்.
அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தத்துக்குக் காத்திருந்து
பூஜ்யத்தின் மேல் ஒரு நட்சத்திரம் போட்டேன்,
சேமித்தேன்.

ஜன்னலில் கண்ணாடி மின்னியது.
இரண்டு நாற்பது வண்டி,
இன்றைக்குக் கொஞ்சம் லேட்.