கூரை ஏறாத வீடு

மூன்று தரம் அழுத்தியாயிற்று.
மூன்று தரமும் பாதி ஓடு காணாமல் போய்
குசினி வானம் பார்க்கிறது.

பேர்கனிலிருந்து தவயோகன்:
"தங்கச்சி, நாளைக்குப் பிரதேச சபையில குடுக்கவேணும்."
இணுவிலில் இரவு பதினொன்று.
கறண்ட் போய், யூபிஎஸ் கீச்சிடுகிறது.

முதலில் சேமி.
கதிரை மேசை லேயரை அணை.
மரங்களையும்:
பனை இல்லாத நூலகம் இது,
பைன்தான் நட்டிருக்கிறேன்.
சுவர் மட்டும் நிற்கட்டும்,
மூலை மூலையாய்ப் பெருப்பித்துப் பார்.

கிணற்றடிப் பக்கம்
இரண்டு சுவர் தொடாமல் நிற்கின்றன.
ஆறு மில்லிமீற்றர்.
கோபித்த சகோதரர் மாதிரி.

நில அளவைப் படத்தைக் கீழே விரித்தேன்.
வளவு சதுரமில்லை.
ஒழுங்கைப் பக்கம் சரிகிற எல்லையை
ஸ்னாப் பிடித்திழுத்து நேராக்கி
அடுத்த வளவில் அரைக் குழி
எடுத்து வைத்திருக்கிறது.
இரண்டு குடும்பம்
பத்தொன்பது வருஷம் வழக்காடிய வேலி,
ஒரு கிளிக்!

ஸ்னாப்பை நிறுத்தினேன்.
கோணலைக் கோணலாகவே கீறி
சுவரை அதன்பின் நடத்தினேன்.
கூரை சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்தது.

கடைசி-ஒன்பது என்று பெயரிட்டுச் சேமித்தேன்.
குரல் அனுப்பினேன்:
"அண்ணை, எல்லை கோணல்தான்.
அதால வந்த பிழை. திருத்தியாச்சு."

இரண்டு நீலக் கோடு.
நெடுநேரம் எழுதினார், அழித்தார், எழுதினார்:

"மதிலை மட்டும்
முந்தின மாதிரி
நேரா விடலாமோ?"