வேலி தாண்டிய வேர்

நவம்பர் மூன்றாவது வாரம்.
மண் இன்னும் இறுகவில்லை. இறுகப்போகிறது என்று
மண்வெட்டியின் சத்தத்திலேயே தெரிகிறது.
மெய்ன் மாநிலத்தின் வடக்கு ஓரத்தில்
நாள்காட்டியை யாரும் அவ்வளவாக நம்புவதில்லை.

குதிரைமுள்ளங்கியை நட்டவள் நான்தான்.
என் மண்ணில், ஒரு விரல் நீளத் துண்டு.
ஏழு வருஷத்தில் அது வேலிக்கு அடியில் புகுந்து
ஆர்மான்ட் பெல்ட்டியேயின் நிலத்தில் போய்க் கொழுத்துவிட்டது.
என் பக்கம் மிச்சம், சுண்டுவிரல் வேர்கள்.
அவன் பக்கம் மணிக்கட்டுப் பருமன்.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
காரணம் அவனுடைய பனித்தள்ளி வண்டி,
என் தபால்பெட்டி,
பிறகு இருவரும் சொன்ன சில வார்த்தைகள்.
நான்கு குளிர்காலம் போய்விட்டது.
தபால்பெட்டி இன்னும் கோணல்.

ஆகவே இருட்டியதும் வேலியைத் தாண்டினேன்.
அறுபத்தொரு வயதில் திருட்டு என்பது
பெரும்பாலும் முழங்கால் சம்பந்தப்பட்ட விஷயம்.
அவன் சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
பிறகு அணைந்தது.
அணைந்ததுதான் வயிற்றைக் கலக்கியது:
வெளிச்சத்தில் நிற்பவனுக்கு வெளியே ஒன்றும் தெரியாது,
இருட்டில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும்.
இரண்டு வேர் பிடுங்கினேன்.
சரி, ஐந்து.

ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் துருவ வேண்டும்.
முழு வேருக்கு வாசனையே கிடையாது,
அப்பாவிபோல் கிடக்கும்.
கீறினால்தான் கோபம்.
மூக்கின் அடிவரை ஏறி
நெற்றிக்குள் ஏதோ ஒரு கதவை
அறைந்து சாத்தும்.

இரண்டு முழுப் பூண்டு. கை நீள இஞ்சி. ஒரு வெங்காயம்.
எலுமிச்சை, தோலோடு.
மஞ்சள் தூள் போட்டதில் மேசை வருஷாவருஷம் கறைபடுகிறது.
"ஹபனேரோ மிளகாய், பாதி" என்கிறது
என் கையெழுத்திலேயே இருக்கும் பழைய சீட்டு,
அடியில் இரண்டு கோடு.
முழுசாகப் போட்டேன்.

ஆப்பிள் காடியைக் கழுத்துவரை ஊற்றி
மூடிக்கும் ஜாடிக்கும் நடுவே வெண்ணெய்த்தாள்,
இல்லாவிட்டால் காடி தகரத்தைத் தின்றுவிடும்.
இருட்டு அலமாரியில் நான்கு வாரம்.
காலை ஐந்து மணிக்கு ஒரு குலுக்கு,
பிறகு பேருந்தைச் சூடாக்கப் போவேன்.
பள்ளிப் பேருந்து. நாற்பத்திரண்டு பிள்ளைகள்.
திங்கள்கிழமை மூன்றாவது வரிசையில் தொடங்கும் இருமல்
வெள்ளிக்குள் ஸ்டியரிங்கை எட்டிவிடும்.

இதைக் குடித்தால் சளி வராதா என்று
மருந்துக்கடை கிளோத்தில்டு கேட்டாள்.
எனக்குத் தெரியாது.
குடித்த பிறகு ஒரு நிமிஷத்துக்கு
வேறெந்த வியாதியும் ஞாபகத்தில் இருக்காது,
அது மட்டும் உறுதி.

டிசம்பரில் துணியில் வடிகட்டித் தேன் கலந்தேன்.
மூன்று பாட்டில் வந்தது.
மூன்றாவதை என்ன செய்வது என்று
இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.
சீட்டு எழுதலாமா? என்னவென்று?
உன் முள்ளங்கி என்றா? என் முள்ளங்கி என்றா?
ஒன்றும் எழுதாமல், விடியுமுன்,
அவன் வாசற்படியில் வைத்துவிட்டு
பனியில் என் காலடித் தடத்தை
என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து
கோணல் தபால்பெட்டிக்குள் பாட்டில்.
காலி, கழுவியது.
ஒரு வேளைக்கு ஒரு கரண்டி என்று சொல்ல ஆளில்லாததால்
எப்படிக் குடித்தானோ, கடவுளுக்கே வெளிச்சம்.
உள்ளே சுருட்டிய ரசீதின் பின்புறம்,
தச்சர் பென்சிலில்:

மிளகாய் அதிகம்.
வடக்கு மூலையில் இன்னும் பருத்தது இருக்கிறது.
பகலில் வா.

தபால்பெட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை.
திருப்பிப் பார்த்தேன். வாங்கியது இரண்டு டப்பா ஆணி, ஒரு ரொட்டி.

வீட்டுக்குள் போய்
பழைய சீட்டைத் தேடி எடுத்து
'பாதி' என்பதற்கு அடியில்
மூன்றாவது கோடு போட்டேன்.