நாலாம் பெட்

சாயங்காலம் ஏழடித்தால் தெய்வாத்தாள் சிஸ்டர்
டூட்டி மாற்றிக் கொடுப்பார்.
கோபி கச்சேரிமேட்டு மாடி வீட்டில்
வாங்கிக்கொள்ள நான் ஒருத்திதான்.

"ஒண்ணு, குடலிறக்கம், தையல் காயுது.
ரெண்டு காலி.
மூணு, தேள்கடி, காலையில ஊட்டுக்குப் போகலாம்.
நாலு, பூச்சிமருந்து குடிச்ச பையன்.
அரைமணிக்கொருக்கா அட்ரோபின்.
கண்ணுப் பாப்பாவப் பாத்துக்கிட்டே இரு.
தூங்கிப்புடாத அம்மிணி."

எந்த ஊர்ப் பையன், எந்த வருஷம்,
பருத்திக்கு வாங்கின மருந்தா வாழைக்கு வாங்கினதா,
கேட்டால் தெரியாது.
பெட் நம்பர் மட்டும் தவறாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
"அங்க யாருமில்லீங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்.
செத்துட்டானா என்று கேட்டு
விடிய விடிய அழுதார்.
அதற்கப்புறம்
ஏழு மணிக்கு நோட்டும் கையுமாய் நிற்பேன்.
சொல்லச் சொல்ல எழுதுவேன்.
பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடுவார்.
தன் பேர் தெரியாத நாளில்கூட
கையெழுத்து அதுபாட்டுக்கு வந்தது.

நான் பத்தாவதுதான். நம்பியூரிலிருந்து டவுன்பஸ்.
முன்னே பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டினவள்.

ஒன்பது வருஷம் அவரைப் பார்த்த டாக்டர்
சித்திரையில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு
ஓசூருக்கு, மகளோடு இருக்கப் போய்விட்டார்.
ஃபைலைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.
அதில் சுகர் இருந்தது, பிரஷர் இருந்தது.
அந்த வெள்ளைத் தூக்க மாத்திரை ஒன்றே ஒன்று போட்டு
மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தது
அதில் இல்லை.
அது டாக்டர் மண்டையில் இருந்தது.
இப்போது என் மண்டையில்.

ஐப்பசி மழையன்று பாத்ரூமில் விழுந்தார்.
ஈரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரி.
திருப்பூரிலிருந்து தம்பி மகன் பணம் போட்டுவிட்டான்.
சரக்கு கப்பலேறணுமாம், வெள்ளிக்கிழமை வருவானாம்.
காலையில் ஒரு டாக்டர், "பேரென்ன பாட்டி?"
மத்தியானம் வேறொருத்தர், "பேரென்ன பாட்டி?"
ராத்திரி வந்தவர் இது எந்த வருஷம் என்றார்.
எண்பத்தாறு.
எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.
ஒருத்தர் எழுதினதை
இன்னொருத்தர் படித்த மாதிரி தெரியவில்லை.

ரெண்டாம் நாள் பொழுது சாய ஒரே கத்தல்.
நர்ஸ் பொண்ணு மூடியில் மாத்திரை கொண்டுவந்தாள்.
வெள்ளை.
கையைப் பிடித்துவிட்டேன்.
"நீங்க யாருங்க இவங்களுக்கு?"

என்னவென்று சொல்ல?
சுவரில் மணி ஏழுக்கு ரெண்டு நிமிஷம்.
கட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து
முந்தியைச் சொருகி
நேராக நின்றேன்.
மூன்று வருஷமாய்க் கேட்ட குரல்
என் வாயிலிருந்து வந்தது.

"பத்தொம்பதாம் பெட். தெய்வாத்தாள், எழுவத்தெட்டு.
எலும்பு ஒடயல, இடது இடுப்புல வீக்கம்.
வலது காது கேக்காது, இடது பக்கமா நின்னு பேசோணும்.
மாத்திரையக் காப்பியில கரைச்சா கண்டுபுடிச்சுருவாங்க,
இன்னதுன்னு சொல்லிக் கையில குடுத்தா முழுங்கிருவாங்க.
கத்துறது வலியில இல்ல, ஒண்ணுக்கு முட்டுனா அப்படித்தான்.
இந்த வெள்ளை மாத்திரை ஆகாது. மூணு நாள் எந்திரிக்கல.
ஏழு மணிக்கு டூட்டி குடுப்பாங்க. வாங்கிக்கோணும்.
வாங்கலீன்னா ராத்திரி தூக்கமில்ல."

அந்தப் பொண்ணு மூடியோடு அப்படியே நின்றாள்.
பேர் அட்டையில் சுகந்தி என்றிருந்தது.

கட்டிலிலிருந்து குரல்:
"பிரஷர் சொல்லலையே அம்மிணி."
நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறுங்க சிஸ்டர்.
"ம்."

டாக்டரைக் கேட்டுட்டு வரேன் என்று போனாள்.
வந்து, கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினாள்.
காலை ஷிப்ட் அதைப் படிக்குமோ என்னவோ.
பிறகு குனிந்தாள், இடது பக்கமாக.
"சொல்லுங்க சிஸ்டர், வார்டு எப்படி இருக்கு?"
"ஒண்ணு, குடலிறக்கம்..."

நான் வெளியே வந்து நின்றபடி ஒரு பன் தின்றேன்.
நாளைக்கு மகளைக் காலேஜில் சேர்க்கணும்,
எனக்குப் பதில் சரசாள் வருகிறாள்.
போன் போட்டேன்.
நாலாம் பெட்ல ஒரு பையன் இருக்கறான், என்று ஆரம்பித்தேன்.
யாருக்கா அது, என்றாள்.