வந்திருச்சு

கருமாதி முடியும்வரை உன்னிடம் இருக்கட்டும் என்று
அப்பா என் கையில் வைத்தது
அப்பத்தாவின் போன்.
பட்டன் போன். ஐந்தாம் எண் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது.
பின்மூடியைப் பிடித்திருப்பது ஒரு ரப்பர் பேண்டு.

முதல் அழைப்பு கோலாலம்பூரிலிருந்து:
"உண்ணாமலை ஆச்சியா? அங்க அடைமழையாமே.
நம்ம ரெண்டாங்கட்டு ஒழுகுதா, பாத்தியளா?"

பள்ளத்தூரில் பூட்டிக் கிடக்கும் ஒன்பது வீட்டின் சாவிகள்
அவளிடம் இருந்தன.
செவ்வாய்க்கிழமைதோறும் மொபெட்டில் கிளம்புவாள்.
குழாயைத் திறந்து துருத்தண்ணீர் போகவிடுவாள்.
ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைப்பாள்.
ஆளில்லாத முகப்பில் நின்று
"நான்தான்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள்.
சொன்னது வௌவாலுக்கா,
படத்திலிருக்கும் ஐயாக்களுக்கா,
நான் கேட்டதில்லை.

மொபெட் பழகியது அறுபத்திரண்டு வயதில்.
பழகிய அன்றே கண்டனூர்வரை போய்
பெட்ரோல் தீர்ந்து
தள்ளிக்கொண்டே திரும்பினாள்,
வழியில் ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டு.

போனிலிருக்கும் பேர்கள் அவளே அடித்தவை.
பால். பழைய பால். பொய் பிளம்பர்.
டாக்டர் கத்துவார்.
மாப்ள வேணும் தேவகோட்டை.
என்னைத் தேடினேன்.
சின்னது பெங்களூர்.

என் பேருக்கு நேரே
பதினோரு வினாடி, ஒன்பது வினாடி, பதினோரு வினாடி.
"சாப்ட்டியா? சரி, வையி."
நான் வைப்பதற்குள் அவள் வைத்திருப்பாள்.
மூன்று அழைப்புகளை நான் எடுக்கவில்லை.
ஒன்றின்போது மீட்டிங்கில் இருந்தேன்.
ஒன்றின்போது தூக்கம்.
இன்னொன்றுக்குக் காரணம் எதுவும் இல்லை.

"ஆச்சி, நெட்டு அந்துபோச்சு" என்றான் ஒரு பையன்.
சொன்னேன்.
பந்து தரையில் தட்டித் தட்டி
ஓய்வது கேட்டது.
ரொம்ப நேரம் கழித்து,
"அப்ப ஞாயித்துக்கெழம மேட்சுக்கு
விசில் யாரு ஊதுறது?"

அவளுக்கு விசில் ஊதத் தெரியும் என்பதே
எனக்கு அப்போதுதான் தெரியும்.

நாலாம் நாளுக்குள்
சொல்லிச் சொல்லி என் வாக்கியம் தேய்ந்து
"தவறிட்டாக" என்ற ஒற்றைச் சொல்லாகிவிட்டது.
எதிர்முனையில் சிலர் அழுதார்கள்.
பொய் பிளம்பர்,
தான் வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.
இதுவரை தரவில்லை.

பதினோராம் நாள் ராத்திரி கரண்டு போயிற்று.
நடுவளவில் இருட்டு, வானத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.
மெழுகுவர்த்தியைத் தடவிக்கொண்டிருந்தபோது
போன் ஒளிர்ந்தது. லைன் சவரி.

"ஆச்சி, சவரிமுத்து பேசுறேன்.
முக்கா மணி நேரமா தெரு பூராவும் போயிருக்கு,
இன்னும் உங்க போன் வரலையேன்னு..."

பாதியில் நின்றுவிட்டார்.
அவருக்குத் தெரியாமல் இல்லை.
சாவு வீட்டுப் பந்தலுக்குக்
கம்பத்திலிருந்து லைன் இழுத்துக் கொடுத்ததே அவர்தான்.

"பழக்கத்துல போட்டுட்டேன் பாப்பா.
இருவது வருசமா
கரண்டு போச்சுன்னு எனக்குச் சொல்றது
ஆபீஸ் இல்ல, அவுகதான்.
ஏசுவாக. ஏசுனா வேகமா ஏறிருவேன்."

ஏசவா என்று கேட்கத் தோன்றியது.
கேட்கவில்லை.

பத்து நிமிஷத்தில் மின்விசிறி முனகியது.
யாரோ அணைக்காமல் விட்ட மிக்சி
சமையல்கட்டில் வெறும் ஜாரைச் சுற்றியது.
அத்தை ஓடினாள்.

கரண்டு வந்ததும் அவள் திரும்பப் பேசுவாள்.
நன்றியெல்லாம் கிடையாது.
ஒரு சொல், அப்புறம் டொக்கென்று வைத்துவிடுவாள்.

தேய்ந்த பட்டனை அழுத்தினேன்.
ஒரே மணியில் எடுத்தார்.

"வந்திருச்சு" என்றேன்.

காற்றுச் சத்தம். எங்கோ ஒரு நாய்.
பிறகு அவர்,
"சரிங்க ஆச்சி."